கணித மேதை இராமானுஜனும் ஒன்பதாம் இடமும்

1. புள்ளியா, காற்புள்ளியா?

இல்-பிசாரில் இருக்கும் பிள்ளைகளே, முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. கடையில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரிப் பழத்தின் விலையை எப்படி எழுதியிருப்பார்கள்? 4,99 என்று எழுதி, பக்கத்தில் டொலர் அடையாளம் போட்டிருப்பார்கள். 4க்கும் 9க்கும் நடுவில் இருப்பது காற்புள்ளி. உங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் எழுதுகிறீர்கள். விடுமுறைக்கு ரொறொன்ரோவில் இருக்கிற மாமா வீட்டுக்குப் போய்ப் பாருங்கோ. அங்கே அதே விலை 4.99 என்று இருக்கும். நடுவில் புள்ளி.

எது சரி? இரண்டும் சரிதான். புள்ளி போட்டாலும் காற்புள்ளி போட்டாலும் அதற்கு வேலை ஒன்றுதான். முழு எண் இங்கே முடிகிறது, இதற்குப் பிறகு வருவது ஒன்றை விடச் சின்னது என்று அது காட்டுகிறது. நம்முடைய பாடத்தில் புள்ளியே போடுவோம்.

இப்போது 4.99ஐ ஒவ்வோர் இடமாகப் பார்ப்போம். 4 என்பது நாலு முழு டொலர். புள்ளிக்குப் பின்னால் முதலாம் இடத்தில் இருக்கிற 9, ஒன்பது பத்துச் சதக் குத்திகள். அதாவது பத்தில் ஒன்பது பங்கு. இரண்டாம் இடத்தில் இருக்கிற 9, ஒன்பது ஒரு சதக் குத்திகள். அதாவது நூறில் ஒன்பது பங்கு. இரண்டும் 9தான். ஆனால் முதலாவது 9, இரண்டாவது 9ஐப் போலப் பத்து மடங்கு பெரியது.

ஒரு சதக் குத்தியை நீங்கள் கடையில் கண்டிருக்க மாட்டீர்கள். 2013 பெப்ரவரியில் கனடா அதைக் கடைகளுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. காசாகக் கொடுத்தால் 4.99க்கு ஐந்து டொலர் வாங்குவார்கள். வங்கி அட்டையில் கட்டினால் சரியாக 4.99தான் போகும். குத்தி போய்விட்டது, ஆனால் நூறில் ஒன்று என்ற இடம் போகவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. 0.5 பெரியதா, 0.45 பெரியதா? 45 என்பது 5ஐ விடப் பெரியது, ஆகவே 0.45தான் பெரியது என்று பலர் நினைத்துவிடுவார்கள். டொலராக மாற்றிப் பாருங்கோ. 0.5 டொலர் என்றால் 50 சதம். 0.45 டொலர் என்றால் 45 சதம். ஆகவே 0.5தான் பெரியது. புள்ளிக்குப் பின்னால் எத்தனை எண் நிற்கிறது என்பது முக்கியமில்லை. எந்த எண் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இடங்களில் வெகுதூரம் போன ஒரு தமிழர் இருந்தார். அவருடைய கதையைத்தான் இன்றைக்குப் படிக்கப் போகிறோம். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன்.

2. கும்பகோணத்துப் பையன்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி தமிழ்நாட்டில் ஈரோடு என்ற ஊரில், அம்மம்மாவின் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது காவிரி ஆறு ஓடும் கும்பகோணத்தில். அப்பா சீனிவாசர் ஒரு சேலைக் கடையில் கணக்கு எழுதினார். அம்மா பெயர் கோமளத்தம்மாள். வீடு சாரங்கபாணி கோயிலுக்கு முன்னால் போகும் தெருவில் இருந்தது. சின்ன வீடு. சம்பளமும் சின்னது.

இரண்டு வயதில் அவருக்கு அம்மை நோய் வந்தது. அந்தக் காலத்தில் அந்த நோயால் எத்தனையோ குழந்தைகள் இறந்துபோனார்கள். இராமானுஜன் தப்பிவிட்டார். தழும்புகள் மட்டும் முகத்தில் நின்றுவிட்டன.

1897இல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சை எழுதினார். தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். பிறகு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அவர் கடைக்குப் போனபோது என்ன காசு கொண்டுபோனார் தெரியுமா? சதம் இல்லை. அப்போது இந்தியாவில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு எத்தனை தம்படி? 16ஐ 12ஆல் பெருக்குங்கோ. 192! ஒரு தம்படி என்பது 192இல் ஒரு பங்கு. அதைப் புள்ளி போட்டு எழுதினால் 0.0052083333 என்று மூன்று மூன்றாக முடிவில்லாமல் போகும். ஒரு மிட்டாய் வாங்கக் கூட இது உதவாது, இல்லையா?

கனடாவில் 1858 முதலே சதக் குத்தி வந்துவிட்டது. இலங்கையில் 1872 முதல் ரூபாய்க்கு நூறு சதம். இந்தியாவிலோ 1957 ஏப்ரல் 1ஆம் திகதி வரை அணாக் கணக்குத்தான். உங்களுக்குத் தெரிந்த தாத்தா, பாட்டி யாராவது தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தால் கேட்டுப் பாருங்கோ. இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும் ஐம்பது பைசாவை எட்டணா என்றும் சொல்லுவார்கள்.

இராமானுஜன் உயிரோடு இருந்த நாள் முழுக்க, சந்தையில் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற கணக்கு இல்லை. பிறகு இங்கிலாந்துக்குப் போனார். அங்கேயும் ஒரு பவுணுக்கு இருபது சிலிங், ஒரு சிலிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். ஆனாலும் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கள் அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் மாதிரி.

3. முடியாத எண்

அந்தத் தோழர்களில் ஒன்று ‘பை’. இது கையில் தூக்கிப் போகிற பை இல்லை. பை என்பது ஒரு கிரேக்க எழுத்தின் பெயர். ஓர் எண்ணுக்கும் அதுவே பெயர்.

வீட்டில் ஒரு வட்டமான சாப்பாட்டுத் தட்டை எடுங்கோ. அதன் விளிம்பைச் சுற்றி ஒரு நூல் வையுங்கோ. அந்த நூலின் நீளத்தைத் தட்டின் குறுக்களவால் வகுத்துப் பாருங்கோ. மூன்றுக்குக் கொஞ்சம் கூட வரும். சின்னக் கோப்பையை அளந்தாலும், பெரிய தண்டவாளச் சக்கரத்தை அளந்தாலும் அதே எண்தான் வரும். அந்த எண்தான் பை.

அதைச் சரியாக எழுதப் போனால் 3.14159265358 என்று போய்க்கொண்டே இருக்கும். முடிவே இல்லை. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதும் இல்லை. ஆகவே பையை யாரும் முழுதாக எழுதிவிட முடியாது. எத்தனையாம் இடம் வரை சரியாக எழுதுகிறோம் என்றுதான் கேட்கலாம்.

பள்ளிக்கூடத்தில் இராமானுஜனின் நண்பர்கள் அவரைச் சுற்றி உட்காருவார்களாம். அவர் பையின் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவாராம். இரண்டின் வர்க்கமூலத்தையும் அப்படியே சொல்லுவாராம். நண்பர்கள் எத்தனை இடம் கேட்டாலும் சொல்லுவாராம். இன்றைக்கு நீங்கள் பாட்டுச் சொல்லி நண்பர்களைச் சிரிக்க வைப்பதைப் போல, அவர் எண் சொல்லி மகிழ்வித்தார்.

4. கடதாசி இல்லாத கணக்கு

பதினைந்து, பதினாறு வயதில் அவருக்கு ஒரு பெரிய புத்தகம் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் இருந்தன. அவை எப்படி வந்தன என்ற விளக்கம் மிகக் குறைவு. ஆகவே இராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே செய்து பார்க்கத் தொடங்கினார். அதில் இல்லாத புதிய முடிவுகளையும் கண்டுபிடித்தார்.

பிரச்சினை என்னவென்றால், அவர் மற்றப் பாடங்களை மறந்துவிட்டார். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் புலமைப்பரிசில் கிடைத்தது. கணக்கில் மட்டும் மூழ்கியிருந்ததால் அந்தப் பரிசில் போய்விட்டது. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் பரீட்சையில் சித்தியடையவில்லை. பட்டம் இல்லை. வேலை இல்லை. சில நாள் சாப்பாடும் இல்லை.

கடதாசி வாங்கவும் காசு போதவில்லை. அவர் ஒரு சிலேட்டில் கணக்குச் செய்வார். இடம் முடிந்ததும் துணி தேட மாட்டார். முழங்கையாலேயே அழித்துவிட்டு மேலே செய்வார். கடைசி விடை வந்ததும் அதை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். வழி எல்லாம் முழங்கையோடு போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ. பின்னால் இதனால் ஒரு சிக்கல் வரும்.

1909இல் அவருக்கும் ஜானகிக்கும் திருமணம் நடந்தது. குடும்பத்தைப் பார்க்க வேலை வேண்டுமே! நோட்டுப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் போனார். கடைசியில் 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மாதம் முப்பது ரூபாய்.

5. ஒரு கடிதமும் ஒரு பிழையும்

1913 ஜனவரி 16ஆம் திகதி இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்கு அதை அனுப்பினார். பக்கம் பக்கமாகத் தன் கண்டுபிடிப்புகளை அதில் எழுதியிருந்தார். வேறு பேராசிரியர்களுக்கும் முன்பு எழுதிப் பயன் கிடைக்கவில்லை. ஹார்டி மட்டும் நின்று படித்தார். அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் சேர்ந்து படித்தார். எழுதியவர் சாதாரண ஆள் இல்லை என்று இருவருக்கும் விளங்கிவிட்டது.

ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு பிழையும் இருந்தது. அது என்ன?

2, 3, 5, 7, 11 போன்ற எண்களை முதன்மை எண்கள் என்று சொல்லுவோம். அவற்றை ஒன்றாலும் அதே எண்ணாலும் மட்டும்தான் மிச்சம் இல்லாமல் வகுக்கலாம். ஒரு பெரிய எண்ணுக்குள் இப்படி எத்தனை முதன்மை எண்கள் இருக்கும் என்று சரியாகச் சொல்லும் வழி தன்னிடம் இருக்கிறது என்று இராமானுஜன் எழுதினார். அவர் சோதித்துப் பார்த்த எண்களுக்கு விடை மிக மிகக் கிட்ட வந்தது. ஆகவே அது எப்போதும் சரி என்று நம்பினார். ஆனால் அது எப்போதும் சரி இல்லை. கிட்ட வந்தது, ஆனால் சமம் ஆகவில்லை.

ஏன் இப்படி நடந்தது? அவருக்குப் பக்கத்தில் இருந்து பிழை சொல்ல ஓர் ஆசிரியர் இருக்கவில்லை. வழியை எல்லாம் சிலேட்டிலிருந்து அழித்துவிட்டார். ஹார்டி திரும்ப எழுதிய கடிதத்தில் முக்கியமாகக் கேட்டது நிரூபணத்தைத்தான். நிரூபணம் என்றால், ஒரு முடிவு ஏன் எப்போதும் சரியாக இருக்கும் என்று படிப்படியாகக் காட்டுவது. உங்கள் ஆசிரியரும் விடையை மட்டும் எழுதாதே, செய்கையையும் காட்டு என்று சொல்லுவாரே, அதே மாதிரித்தான்.

இராமானுஜன் மனம் உடைந்துபோகவில்லை. கற்றுக்கொள்ளப் புறப்பட்டார்.

6. குளிரும் கம்பளியும்

1914 மார்ச் 17ஆம் திகதி சென்னையில் கப்பல் ஏறினார். ஏப்ரல் 14ஆம் திகதி இலண்டனில் இறங்கினார். ஜானகியும் அம்மாவும் ஊரிலேயே இருந்தார்கள்.

மொன்றியல் குளிர் உங்களுக்குப் பழக்கம். கும்பகோணத்தில் வளர்ந்தவருக்குக் குளிர் என்றால் என்ன என்று எப்படித் தெரியும்? ஒரு நாள் மகாலனோபிஸ் என்ற வங்காள நண்பர் அவருடைய அறைக்கு வந்தார். இரவில் குளிர் தாங்க முடியவில்லை, மேலங்கியைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன் என்றார் இராமானுஜன். கட்டிலில் கம்பளி இல்லையோ என்று நண்பர் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறைய இருந்தன! ஆனால் அவற்றை மெத்தையோடு சேர்த்து இறுக்கிச் செருகி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று இராமானுஜனுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே படுத்திருந்தார். நண்பர் சொல்லிக் கொடுத்தார்.

உங்கள் அம்மா அப்பாவும் முதல் முதல் கனடாவுக்கு வந்தபோது இப்படி ஏதாவது நடந்திருக்கும். கேட்டுப் பாருங்கோ.

7. ஒன்பதாம் இடம்

அதே 1914இல் இராமானுஜனின் நீண்ட கட்டுரை ஒன்று இங்கிலாந்தின் கணித இதழில் வந்தது. அது பையைக் கிட்ட நெருங்கும் வழிகளைப் பற்றியது. அதில் உள்ள ஒரு வழியை நீங்களும் செய்யலாம். கல்குலேற்றர் எடுங்கோ.

முதலில் 2143ஐ 22ஆல் வகுங்கோ. வந்த விடைக்கு வர்க்கமூலம் எடுங்கோ. அதாவது, எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் இந்த விடை வரும் என்று பாருங்கோ. கல்குலேற்றரில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. புதிதாக வந்த விடைக்கு இன்னொரு தடவை வர்க்கமூலம் எடுங்கோ. என்ன வருகிறது?

இராமானுஜனின் வழி: 3.14159265258
உண்மையான பை: 3.14159265358

மெதுவாக, ஒவ்வோர் இடமாக ஒப்பிடுங்கோ. புள்ளிக்குப் பின்னால் முதலாம் இடம் ஒன்று, ஒன்று. சரி. இரண்டாம் இடம் நாலு, நாலு. சரி. இப்படியே எட்டாம் இடம் வரை சரி. ஒன்பதாம் இடத்தில் நில்லுங்கோ. அவருக்கு 2. பைக்கு 3. அங்கேதான் வித்தியாசம்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்? பையைப் பையால் பெருக்கி, அதை மறுபடி பையால் பெருக்கி, இன்னொரு தடவையும் பையால் பெருக்கினால் 97.409091034 என்று வரும். புள்ளிக்குப் பின்னால் பாருங்கோ: 4, பிறகு 09, பிறகு 09. தொடர்ந்து 09, 09 என்று போயிருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! 2143ஐ 22ஆல் வகுத்தால் அப்படித்தான் வரும்: 97.4090909 என்று முடிவில்லாமல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்.

அந்தப் பூச்சியத்தையும் கவனியுங்கோ. 97.409 என்ற எண்ணில் நடுவில் இருக்கிற பூச்சியத்தை எடுத்துவிட்டால் 97.49 ஆகிவிடும். நூறில் ஒன்று என்ற இடத்தில் எதுவும் இல்லை, ஆனாலும் அந்த இடம் இருக்கிறது என்று பூச்சியம் காட்டுகிறது. பேருந்தில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைப்பார்களே, அதே மாதிரி.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்தக் கட்டுரையில் வேறு பல முடிவுகளும் இருந்தன. அவற்றைக் கணித வழியில் பெற்றதாக எழுதினார். இந்த 2143, 22 கணக்கை மட்டும் எண்களைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்ததாகத் தனியாகச் சொல்லிவிட்டார். எட்டு இடம் ஒத்துப் போகிறதே, இதுதான் பை என்று அவர் சொல்லவில்லை. முதன்மை எண்களில் கிட்ட வந்ததைச் சமம் என்று நம்பினார். இங்கே கிட்ட வந்ததைக் கிட்ட வந்தது என்றே எழுதினார்.

8. பூமியைச் சுற்றி ஒரு கயிறு

ஒன்பதாம் இடத்தில் ஒன்று குறைந்தால் என்ன வந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? ஒரு கற்பனை செய்வோம். பூமி ஒரு சரியான உருண்டை என்று வையுங்கோ. அதன் குறுக்களவு 12,742 கிலோமீற்றர். அதைச் சுற்றிக் கட்ட ஒரு கயிறு வேண்டும். எவ்வளவு நீளம்? குறுக்களவைப் பையால் பெருக்க வேண்டும். ஆனால் பையை எத்தனையாம் இடம் வரை எடுப்பது?

3.1 என்று எடுத்தால் கயிறு 530 கிலோமீற்றர் குறைந்துவிடும். காரில் மொன்றியலிலிருந்து ரொறொன்ரோ போகிற தூரம் அளவு!
3.14 என்று எடுத்தால் 20 கிலோமீற்றர் குறையும்.
3.141 என்று எடுத்தால் ஏழரைக் கிலோமீற்றர் குறையும்.
3.1415 என்று எடுத்தால் ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடக் குறையும்.
இராமானுஜனின் எண்ணை எடுத்தால் 1.3 சென்ரிமீற்றர்தான் குறையும். உங்கள் பெருவிரல் நகத்தின் அகலம் அளவு!

பார்த்தீர்களா? புள்ளியிலிருந்து வலப் பக்கம் போகப் போக, ஒவ்வோர் இடமும் அதற்கு முந்திய இடத்தின் பத்தில் ஒரு பங்குதான். ஒன்பதாம் இடத்தில் நிற்கிற 1 என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. மிகச் சின்னதுதான். ஆனாலும் கயிற்றின் இரண்டு நுனியும் தொடாது.

9. கடைசிப் பக்கங்கள்

1914 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்து போரில் இறங்கியது. இராமானுஜன் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர். அறையில் தானே சமைப்பார். போர்க் காலத்தில் நல்ல மரக்கறி கிடைப்பது கஷ்டம். குளிர், தனிமை, ஓயாத வேலை எல்லாம் சேர்ந்தன. 1917இல் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். நீண்ட காலம் மருத்துவமனைகளில் இருந்தார்.

1918இல் இலண்டன் ரோயல் சொசைட்டி என்ற பெரிய அறிவியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியும் அவருக்குப் பதவி தந்து மதிப்புச் செய்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் பரீட்சையில் தோற்றவருக்கு!

1919இல் ஊர் திரும்பினார். உடம்பு தேறவில்லை. ஆனாலும் படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டார். ஜானகி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னையில் இறந்தார். அப்போது அவருக்கு 32 வயதுதான்.

அவர் கடைசி ஆண்டில் எழுதிய பக்கங்கள் பிறகு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். பல ஆண்டுகள் யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை. 1976இல் ஜோர்ஜ் அன்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் அவற்றைக் கண்டெடுத்தார்.

1914ஆம் ஆண்டுக் கட்டுரையின் கதையும் முடியவில்லை. அதில் பைக்கு இன்னொரு வழி இருந்தது. அது ஒரு நீண்ட கூட்டல். முதல் உறுப்பை மட்டும் எடுத்தாலே புள்ளிக்குப் பின்னால் ஆறு இடம் சரியாக வரும். அதற்குப் பிறகு ஒவ்வோர் உறுப்பைச் சேர்க்கும்போதும் ஏறத்தாழ எட்டு இடம் கூடும். 1985இல் கொஸ்பர் என்ற அமெரிக்கர் அந்தக் கூட்டலைக் கணினியில் போட்டார். பையின் ஒரு கோடியே 75 இலட்சம் இலக்கங்களுக்கு மேல் வந்தன. சிலேட்டில் முழங்கையால் அழித்தவருடைய கணக்கு, கணினியில் ஓடியது!

அப்போதும் ஒரு குறை இருந்தது. என்ன குறை என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். இலக்கங்கள் ஒத்துப் போயின. ஆனால் அந்த வழி ஏன் எப்போதும் சரி என்ற முழு நிரூபணம் யாரிடமும் இல்லை. அதைக் கொடுத்தவர்கள் ஜொனதன் போர்வெயின், பீற்றர் போர்வெயின் என்ற இரண்டு சகோதரர்கள். அவர்கள் கனடாவில், ஹலிஃபக்ஸ் நகரத்து டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர்கள். 1987இல் வந்த அவர்களுடைய புத்தகத்தில் நிரூபணம் இருக்கிறது. கும்பகோணத்தில் தொடங்கிய கணக்கின் செய்கை, எழுபது ஆண்டுக்கு மேல் கழித்து நீங்கள் வாழும் நாட்டில் எழுதி முடிந்தது.

இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22ஐ இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்த டிசம்பரில் இல்-பிசாரில் பனி கொட்டும்போது, கம்பளிக்குள்ளே புகுந்து படுத்துக்கொண்டு அவரை ஒரு தடவை நினைத்துப் பாருங்கோ. அடுத்த நாள் வகுப்பில் புள்ளியோ காற்புள்ளியோ போட்டு எண் எழுதும்போது, ஒவ்வோர் எண்ணும் தன் இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கோ. விடையோடு செய்கையையும் எழுதுங்கோ.

செய்து பார்ப்போம்

1. 0.3, 0.29, 0.209 ஆகிய எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?

2. நாலணா என்பது 16 அணாவில் நாலு அணா. அது ஒரு ரூபாயில் எவ்வளவு? புள்ளி போட்டு எழுதுங்கள். ஓர் அணாவையும் அப்படி எழுத முடியுமா?

3. உங்கள் வீட்டுத் தட்டின் குறுக்களவு 20 சென்ரிமீற்றர் என்றால், சுற்றிக் கட்ட எவ்வளவு நூல் வேண்டும்? பையை 3.1 என்று எடுத்தும் 3.14 என்று எடுத்தும் செய்யுங்கள். வித்தியாசம் எவ்வளவு?

4. இராமானுஜன் தன் கணக்கு ஒன்றைக் கிட்ட வந்தது என்று மட்டும் சொன்னார். அது ஏன் நல்லது? உங்கள் சொந்தச் சொற்களில் நாலு வசனம் எழுதுங்கள். வகுப்பில் தமிழில் சொல்லிக் காட்டுங்கள்.